வனவியல் படிப்பு: நான்கு வருடம் காட்டைப் படித்தால் என்ன வேலை, என்ன பலன்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு வீட்டில் ஆரம்பிக்கும் பேச்சு பெரும்பாலும் மூன்று ரூட்டில்தான் ஓடும். நீட், இன்ஜினீயரிங், இரண்டும் இல்லையென்றால் அக்ரி. அந்த அக்ரி கவுன்சலிங் பட்டியலைக் கீழே ஸ்க்ரோல் செய்துகொண்டே போனால் ஒரு வரி கண்ணில் படும்: 'பி.எஸ்சி. (ஹானர்ஸ்) வனவியல்'. பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். சிலர் 'ஃபாரஸ்ட் ஆபீஸர் ஆகிடலாம்' என்று டிக் செய்வார்கள். இன்னும் சிலர், 'காட்டுல மரம் எண்ணுற வேலையா?' என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

இந்த மூன்று பேருமே முழு விவரம் தெரியாமல்தான் முடிவெடுக்கிறார்கள். மரம் எண்ணுவது இந்தப் படிப்பில் நிஜமாகவே உண்டு, அது அவ்வளவு சாதாரண விஷயமும் இல்லை. ஃபாரஸ்ட் ஆபீஸர் ஆகலாம்தான். ஆனால், அதற்கு இந்தப் பட்டம் மட்டும் போதாது. சொல்லப்போனால், இந்தப் பட்டம் இல்லாதவர்களும் அந்த நாற்காலிக்கு வரலாம். அப்படியானால் நான்கு வருடம் எதற்கு?

எங்கே படிக்கலாம்?

தமிழ்நாட்டில் வனவியல் என்றால் முதலில் சொல்லப்படும் ஊர் மேட்டுப்பாளையம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் வனக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம், நீலகிரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. வகுப்பறையிலிருந்து கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் புதர்க்காடு, இன்னும் மேலே ஏறினால் சோலைக்காடும் புல்வெளியும். வனவியல் படிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம்.

இந்தியாவில் காடு பற்றிய படிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. டேராடூனில் 1878-லேயே வனப் பள்ளி தொடங்கப்பட்டது. கோவையில் 1912-ல் சென்னை மாகாண வனக் கல்லூரி வந்தது. ஆனால் இவையெல்லாம் வனத்துறையில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்த இடங்கள். வேலைக்கு எடுத்த பிறகு சொல்லிக் கொடுப்பதுதான் நடைமுறை.

1976-ல் தேசிய வேளாண்மை ஆணையம், வனவியலைப் பல்கலைக்கழகப் படிப்பாகவே நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக 1985-ஐ ஒட்டி நாட்டின் பல வேளாண்மைப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டம் தொடங்கியது. தமிழ்நாடு, கேரளத்தின் திருச்சூர் அருகே வெள்ளானிக்கரை, கர்நாடகத்தின் சிர்சி, இமாசலப் பிரதேசத்தின் சோலன் எல்லாம் அந்தக் காலகட்டத்தில் வந்தவைதான். தெலங்கானா மாநிலம் 2016-ல் தன் முதல் வனக் கல்லூரியைத் தொடங்கியபோது முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது மேட்டுப்பாளையத்தைத்தான்.

எப்படிச் சேர்வது?

நீட் தேவையில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் ஆன்லைன் கவுன்சலிங் நடத்துகிறது. வேளாண்மை, தோட்டக்கலை போன்ற படிப்புகளுக்கும் வனவியலுக்கும் ஒரே விண்ணப்பம்தான். அறிவியல் பாடப்பிரிவில் படித்திருக்க வேண்டும். எந்தெந்தப் பாடச் சேர்க்கை செல்லும் என்பதை அந்தந்த ஆண்டின் தகவல் தொகுப்பேட்டில் ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது.

வேறு மாநிலத்தில் படிக்கத் தயார் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஒதுக்கீட்டு இடங்களுக்கு சி.யு.இ.டி. நுழைவுத்தேர்வு வழியாக விண்ணப்பிக்கலாம். மேட்டுப்பாளையத்தில் இடம் கிடைக்கவில்லை என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை.

உள்ளே என்ன சொல்லித் தருவார்கள்?

எட்டு செமஸ்டர். மரங்களை அடையாளம் காண்பது, மண்ணியல், மர வளர்ப்பியல், மரபியல், மரக்கட்டையின் உள்ளமைப்பு, வனவிலங்கு மேலாண்மை, காட்டுத்தீ, வனச் சட்டம், பொருளாதாரம், தொலையுணர்வு, ஜி.ஐ.எஸ். வரைபடம், வேளாண் காடுகள் என்று பாடப்பட்டியல் நீளமானது. பாதி விஞ்ஞானம், கால்வாசி கணக்கு, மீதி மனிதர்களைப் பற்றியது என்று சொன்னால் ஓரளவு சரியாக இருக்கும்.

அந்தக் கணக்கிலிருந்தே ஓர் உதாரணம் பார்க்கலாம்.

ஒரு மரத்தின் பருமனை எங்கே அளப்பது? தரையை ஒட்டி அளந்தால் வேர்ப்பகுதியின் புடைப்பு கணக்கைக் கெடுத்துவிடும். ரொம்ப மேலே அளக்க ஏணி வேண்டும். அதனால் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நிற்கும் ஆளின் மார்பளவில் அளப்பது இந்தியாவில் வழக்கம். சரிவான நிலம் என்றால் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். எல்லோரும் ஒரே இடத்தில் அளந்தால்தான் இன்றைய அளவையும் பத்து வருடம் கழித்து வேறொருவர் எடுக்கும் அளவையும் ஒப்பிட முடியும்.

உயரத்துக்கு மரம் ஏற வேண்டாம். 20 மீட்டர் தள்ளி நின்று, மர உச்சியை 45 டிகிரி கோணத்தில் பார்க்க முடிந்தால், சமதளத்தில் அந்த மரத்தின் உயரம் 20 மீட்டர் கூட்டல் பார்ப்பவரின் கண் உயரம். பத்தாம் வகுப்பில் 'இது எதுக்கு உதவப்போகுது' என்று திட்டிக்கொண்டே படித்த அதே முக்கோணவியல்தான்.

அடுத்து, வெட்டிய கட்டையின் கன அளவு. இந்தியாவில் இன்றும் புழங்கும் ஒரு முறை, சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை வர்க்கப்படுத்தி, நீளத்தால் பெருக்குவது. நடுச்சுற்றளவு 1.2 மீட்டர், நீளம் 5 மீட்டர் உள்ள ஒரு கட்டைக்கு இந்தக் கணக்கு 0.45 கன மீட்டர் என்று சொல்லும். அதே கட்டையை உருளையாக வைத்துக் கணக்குப் போட்டால் 0.57 கன மீட்டர் வரும். கிட்டத்தட்ட 21 சதவீதம் வித்தியாசம்! உருண்டைக் கட்டையைச் சதுரமாக அறுக்கும்போது வீணாவதைக் கழித்துக்கொள்ளும் கணக்கு இது. அது தெரிந்தே பேரம் பேசும் விவசாயிக்கும், தெரியாமல் தலையாட்டும் விவசாயிக்கும் ஒரு லோடு தேக்கில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். 'மரம் எண்ணுற வேலை' என்று சிரித்த விஷயம் இதுதான்.

அப்போ, மரம் நடுவதுதானே முக்கிய வேலை?

இங்கேதான் இந்தப் படிப்பு பலருடைய எண்ணத்தை மாற்றுகிறது. நல்ல எண்ணத்தோடு தப்பான இடத்தில் நட்ட தப்பான மரம், அடுத்த இரண்டு தலைமுறைக்குத் தலைவலி.

நீலகிரியையே எடுத்துக்கொள்ளலாம். அதன் உயரமான பகுதிகளின் இயற்கை அமைப்பு, பள்ளத்தாக்குகளில் சோலைக்காடு, சரிவுகளில் புல்வெளி. பஞ்சுபோல மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல விடுவது இந்த இரண்டும் சேர்ந்த அமைப்புதான். ஆனால் அந்தப் புல்வெளியை 'சும்மா கிடக்கிற நிலம்' என்று பார்த்த காலம் ஒன்று இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி சுதந்திரத்துக்குப் பிறகும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை, தைல மரங்களை அங்கே நட்டார்கள். விறகு வேண்டும், தோல் பதனிடப் பட்டை வேண்டும், பிறகு சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ்மரம் வேண்டும். அன்றைக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. இன்று சீகை தானாகவே பரவிப் புல்வெளியை விழுங்குகிறது. வெட்டினால் மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்த விதைகள் முளைக்கின்றன. அதை அகற்றிப் புல்லை மீட்பது இப்போது தனி ஆராய்ச்சி.

முதுமலை, சத்தியமங்கலம் பகுதிகளில் இதே கதை வேறு பெயரில் நடக்கிறது. அழகுக்காகவும் நிழலுக்காகவும் கொண்டுவரப்பட்ட மஞ்சள் கொன்றை வகையான சென்னா ஸ்பெக்டாபிலிஸ் காட்டுக்குள் புகுந்துவிட்டது. மஞ்சள் பூவாகப் பூத்துக் குலுங்கும்போது ரீல்ஸ் எடுக்க ஜோராக இருக்கும். ஆனால் அதன் அடியில் மானுக்கும் யானைக்கும் தேவையான புல் வளர்வதில்லை. வெட்டினால் அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். அதனால் பட்டையை உரிப்பது, வேரோடு எடுப்பது என்று பல முறைகள் பின்பற்றப்படுகின்றன. வெட்டிய மரத்தைக் காகிதக் கூழுக்குப் பயன்படுத்தத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்கு அரசு அனுமதி கொடுத்தது. எந்த மாதத்தில் வெட்டுவது, எங்கே முதலில் தொடங்குவது, அகற்றிய இடத்தில் எந்த நாட்டுப் புல்லை விதைப்பது... இதையெல்லாம் முடிவு செய்ய ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் வனவியல் கல்லூரி உருவாக்கப் பார்க்கிறது.

சரியாகச் செய்த உதாரணமும் நம்ம ஊரிலேயே இருக்கிறது. ஆனைமலையின் டாப்ஸ்லிப், மலை உச்சியிலிருந்து தேக்குக் கட்டைகளைச் சரிவில் உருட்டிவிட்டதால் அந்தப் பெயர் பெற்றது. கப்பல் கட்டவும் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடவும் வெட்டி வெட்டி, அங்கே தேக்கே தேய்ந்துபோனது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பணியாற்றிய ஹூகோ வுட் என்ற வன அதிகாரி, வெட்டப்பட்ட அடிமரங்கள் மீண்டும் துளிர்க்க வழிசெய்து, புதிதாகவும் தேக்கு வளர்த்தார். அவருடைய கல்லறையும் டாப்ஸ்லிப்பில், அதே மரங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. ஒரு தேக்குத் தோட்டம் முதிர அறுபது, எழுபது வருடம் ஆகலாம். இந்தத் துறையில் எடுக்கும் முடிவுக்கு மார்க் போடுவது பெரும்பாலும் அடுத்த தலைமுறை.

'இந்தியாவில் காடு கூடியிருக்கிறது' என்ற செய்தியை எப்படிப் படிப்பது?

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்திய வன நிலை அறிக்கை வரும். 2023-ஆம் ஆண்டுக்கான அறிக்கையின்படி நாட்டின் பரப்பில் 21.76 சதவீதம் வனப்பரப்பு. காட்டுக்கு வெளியே உள்ள மரங்களையும் சேர்த்தால் 25.17 சதவீதம். தமிழ்நாட்டில் வனப்பரப்பு சுமார் 26,400 சதுர கிலோமீட்டர், அதாவது மாநிலத்தின் ஐந்தில் ஒரு பங்கு.

ஆனால் இந்த அறிக்கையில் 'வனப்பரப்பு' என்றால் என்ன? ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பு, மரங்களின் விதானம் 10 சதவீதத்துக்கு மேல். அவ்வளவுதான். நிலம் யாருடையது, சட்டப்படி அது காடா, என்ன மரம் என்ற கேள்விகள் இதில் இல்லை. தென்னந்தோப்பும் வரலாம், சவுக்குத் தோட்டமும் வரலாம், சீமைக்கருவேலம் மண்டிய கண்மாயும் வரலாம். மறுபக்கம், வரையாடு மேயும் மலைப் புல்வெளியில் மரம் இல்லை என்பதால் அது வனப்பரப்பாகக் கணக்கில் வராது. செயற்கைக்கோள் படம் பொய் சொல்லவில்லை. அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்று தெரிந்தவர் படித்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

தமிழ்நாடு அரசு 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத்தின் வன மற்றும் மரப்பரப்பை 33 சதவீதமாக்க இலக்கு வைத்திருக்கிறது. இவ்வளவு பெரிய இலக்கில் எந்த இடத்தில் எந்த மரம், எந்த இடத்தில் மரமே வேண்டாம் என்று சொல்வதற்கும் படித்தவர்கள் தேவை.

காடு என்றால் மனிதர்களும்தான்

மரத்தையும் விலங்கையும் மட்டும் படித்துவிட்டு வெளியே வந்தால் முதல் மாதமே திணற வேண்டியிருக்கும். காட்டுக்குள்ளும் அதன் விளிம்பிலும் மக்கள் வாழ்கிறார்கள். அதனால் சட்டமும் சமூகமும் பாடத்திட்டத்தில் இடம்பெறுகின்றன.

1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மத்திய அரசின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கிய 1980-ன் வனப் பாதுகாப்புச் சட்டம், காட்டில் வாழும் மக்களின் நில, சமூக உரிமைகளை அங்கீகரித்துக் கிராம சபைக்கு அதிகாரம் கொடுத்த 2006-ன் வன உரிமைச் சட்டம்... இவை மூன்றும் தெரியாமல் ஒரு வனச்சரகத்தை நடத்த முடியாது. 'காடு என்றால் என்ன' என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் சொன்ன புகழ்பெற்ற விளக்கமும் இங்கே பாடம். அகராதிப் பொருளில் காடாக இருக்கும் எல்லாமே காடுதான், அரசு ஆவணத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி என்றது நீதிமன்றம். கோதவர்மன் வழக்கு எனப்படும் அந்த வழக்கின் தொடக்கம் நம்ம கூடலூரில் நடந்த மரவெட்டுதான்.

இன்னொரு பெயரையும் இந்தத் துறைக்கு வருபவர்கள் தெரிந்துகொண்டுதான் வர வேண்டும்: வாச்சாத்தி. 1992 ஜூனில் சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலைகிராமத்துக்குள் போன வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். 2011-ல், அப்போது உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதில் 126 பேர் வனத்துறையைச் சேர்ந்தவர்கள். 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. காக்கி உடுப்போடு வரும் அதிகாரத்தை எப்படிக் கையாளக் கூடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் கிடையாது.

நம்பிக்கை தரும் உதாரணங்களும் உண்டு. வால்பாறையில் யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை எஸ்.எம்.எஸ்., சிவப்பு எச்சரிக்கை விளக்கு, உள்ளூர் டி.வி.யில் ஓடும் வரி மூலம் மக்களுக்குச் சொல்லும் முறையை ஆராய்ச்சியாளர் எம். ஆனந்தகுமாரும் அவருடைய குழுவும் வனத்துறையோடு சேர்ந்து உருவாக்கினார்கள். அதற்காக 2015-ல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது. கோவை மதுக்கரையில் ரயில் பாதையை நெருங்கும் யானைகளைக் கண்டுபிடிக்க, செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் 2024 முதல் இயங்குகின்றன. யானை எப்போது, ஏன் அந்த வழியில் வரும் என்று தெரிந்தால்தான் கேமராவை எங்கே வைப்பது என்றே முடிவு செய்ய முடியும்.

சரி, அரசு வேலை கிடைக்குமா?

நேராகவே பேசிவிடலாம். பட்டம் வாங்கியதும் தானாகக் கிடைக்கும் அரசு வேலை எதுவும் இல்லை. எல்லாமே போட்டித் தேர்வுதான்.

உச்சியில் இருப்பது இந்திய வனப் பணி. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போல அகில இந்தியப் பணி. யு.பி.எஸ்.சி. நடத்தும் சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வுதான் இதற்கும் முதல்நிலை. 2022 முதல் 2025 வரை நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட இடங்கள் 150-ஐ ஒட்டியே இருந்தன. முதன்மைத் தேர்வு 1,400 மதிப்பெண், நேர்காணல் 300. இரண்டு விருப்பப் பாடங்கள் எடுக்க வேண்டும். வனவியல் அதில் ஒன்று. பலரும் கடைசி நேரத்தில் கவனிக்கும் ஒரு விதி: வேளாண்மையையும் வனவியலையும் சேர்த்து எடுக்க முடியாது. அதனால் வனவியலோடு தாவரவியல், விலங்கியல், புவியியல் நிலவமைப்பைப் பேசும் ஜியாலஜி போல இன்னொன்றை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு விஷயம் உடல்தகுதி. ஆண்கள் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும்.

இதில்தான் வனவியல் மாணவர்களின் நீண்ட நாள் ஆதங்கம் இருக்கிறது. இந்தத் தேர்வை வனவியல் படித்தவர்கள் மட்டுமல்ல, பொறியியல், கால்நடை மருத்துவம், இயற்பியல், கணிதம் படித்தவர்களும் எழுதலாம். வனவியலை விருப்பப் பாடமாக எடுக்கவும் அந்தப் பட்டம் தேவையில்லை. 'நாலு வருஷம் காட்டுல சுத்திப் படிச்சது நாங்க, ஆறு மாசம் புத்தகம் படிச்சவங்களோட ஒரே வரிசையில் நிக்கணுமா?' என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. மறுபக்கம், அகில இந்தியப் பணிக்குப் பலதரப்பட்ட பின்னணி வேண்டும், தேர்வானவர்களுக்கு டேராடூனில் உள்ள இந்திரா காந்தி தேசிய வன அகாடமியில் முழுப் பயிற்சி கொடுக்கிறோமே என்ற வாதமும் வைக்கப்படுகிறது. விவாதம் முடியவில்லை. சேரும் மாணவர் இதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும், அவ்வளவுதான்.

மாநில அளவில் டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவி வனப் பாதுகாவலர், வனச்சரக அலுவலர் பதவிக்கு வழியான வனத்தொழில் பழகுநர் ஆகிய பணிகள் உண்டு. அதற்குக் கீழே வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர். இந்தத் தேர்வுகளின் அறிவிக்கை ஒவ்வோர் ஆண்டும் வரும் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு தேர்வை நம்பி வருடக்கணக்கில் காத்திருப்பது பெரிய ரிஸ்க். கல்வித் தகுதி, முன்னுரிமை விதிகளை ஒவ்வோர் அறிவிக்கையிலும் புதிதாகப் படித்துப் பார்ப்பது அவசியம்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று வங்கி. பொதுத்துறை வங்கிகளுக்காக ஐ.பி.பி.எஸ். நடத்தும் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கு நான்கு வருட வனவியல் பட்டமும் செல்லும்.

காக்கிக்கு வெளியே என்ன இருக்கிறது?

முதலில் காகிதமும் பிளைவுட்டும். இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவது கட்டுப்படுத்தப்பட்ட பிறகு, ஆலைகளுக்கு மரம் வருவது விவசாயிகளின் நிலத்திலிருந்து. சவுக்கு, தைல மரம், மலைவேம்பு என்று எந்த மண்ணுக்கு எது, எத்தனை அடி இடைவெளி, எந்த வருடம் அறுவடை, என்ன விலைக்கு ஒப்பந்தம் என்று விவசாயியோடு உட்கார்ந்து பேச ஆள் தேவை. மேட்டுப்பாளையம் கல்லூரி வேளாண் காடு வளர்ப்பில் தொழிற்சாலைகளையும் விவசாயிகளையும் இணைக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது.

இரண்டாவது கார்பன். ஒரு மரத்தின் உலர் எடை 1,000 கிலோ என்றால், அதில் சுமார் 47 சதவீதம், அதாவது 470 கிலோ கார்பன் என்று எடுத்துக்கொள்வது உலகளாவிய வழக்கம். அதை 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால், அந்த மரம் காற்றிலிருந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடு சுமார் 1,720 கிலோ. நிறுவனங்கள் 'நாங்கள் இவ்வளவு கார்பனை ஈடுசெய்தோம்' என்று அறிவிக்கும்போது, பின்னால் யாரோ ஒருவர் டேப்போடு போய் மார்பளவு உயரத்தில் அளந்திருக்க வேண்டும். அளக்காமலே எழுதிய கணக்கைக் கண்டுபிடிக்கவும் அளக்கத் தெரிந்தவர்தான் வேண்டும்.

மூன்றாவது, ஏற்றுமதி. காடழிப்பு நடந்த நிலத்தில் விளைந்த காபி, ரப்பர், மரப்பொருள் உள்ளிட்டவற்றைத் தன் சந்தைக்குள் விடுவதில்லை என்று ஐரோப்பிய யூனியன் 2023-ல் சட்டம் கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு அந்த நிலத்தில் காடு அழிக்கப்படவில்லை என்று நிலத்தின் இருப்பிட விவரத்தோடு காட்ட வேண்டும். அமலாக்கம் தள்ளிப்போடப்பட்டாலும், காபி விளையும் மலைப்பகுதிகளில் ஜி.ஐ.எஸ். தெரிந்த வனவியல் பட்டதாரிகளுக்கு இது புது வேலை வாய்ப்பு.

இவை தவிர சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்கள், வனவிலங்கு ஆராய்ச்சித் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள் என்று வாய்ப்புகள் உண்டு. ஆனால் இவற்றில் நிறைய வேலைகள் ஒரு திட்டத்தின் காலத்துக்கு மட்டும் கிடைக்கும் ஒப்பந்தப் பணிகள். தொடக்கச் சம்பளத்தை ஐ.டி.யோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மேலே படிக்க?

முதுநிலை வனவியல், முனைவர் பட்டம் மேட்டுப்பாளையத்திலேயே உண்டு. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையம் வனவியல், மர அறிவியல், காகிதத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் முதுநிலை நடத்துகிறது. மேலாண்மைப் பக்கம் போக விரும்பினால் 1982-ல் தொடங்கிய போபால் இந்திய வன மேலாண்மை நிறுவனம். வனவிலங்குதான் ஆர்வம் என்றால் டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம். நம்ம ஊரிலேயே மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் படிக்கலாம். மர மரபியல் ஆராய்ச்சிக்குக் கோவையிலேயே மத்திய அரசின் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் இருக்கிறது.

பிளஸ் டூவில் இந்த வழியைத் தவறவிட்டவர்களுக்கும் இது முக்கியம். தாவரவியல், விலங்கியல் பட்டதாரிகள் முதுநிலையில் இந்தத் துறைக்குள் வர முடியும்.

யாருக்கு செட் ஆகும்?

விண்ணப்பத்தில் டிக் செய்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது, வெயிலில், மழையில், அட்டைக்கடியோடு நாள் முழுக்க நடந்து, ராத்திரி உட்கார்ந்து அன்றைய அளவுகளை எக்செல்லில் ஏற்றும் பொறுமை இருக்கிறதா? ஜங்கிள் சஃபாரி பிடிப்பதும் இதுவும் ஒன்றில்லை. நூறாவது மரத்தையும் முதல் மரத்தைப் போலவே கவனமாக அளக்க வேண்டும்.

இரண்டாவது, போட்டித் தேர்வு கைகூடாவிட்டால் என்ன செய்வது என்று மாற்றுத் திட்டம் இருக்கிறதா? இரண்டாம் வருடத்திலிருந்தே ஜி.ஐ.எஸ்., புள்ளியியல், ஓரளவு கோடிங் என்று கையில் ஒரு திறமையை வளர்த்துக்கொண்டவர்களுக்கு வெளியே வரும்போது கதவுகள் கூடுதலாகத் திறக்கும்.

மூன்றாவது, மக்களோடு பேச வருமா? பயிரை யானை மிதித்த மறுநாள் காலையில் அந்த விவசாயியின் வயலில் போய் நிற்க வேண்டியவர் ஒரு வன அலுவலர். அங்கே தாவரப் பெயர் எதுவும் உதவாது. இழப்பீட்டு விதியும், கோபத்தைக் கேட்கும் காதும்தான் உதவும்.

மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால், மேட்டுப்பாளையத்துக்கு ஒரு நாள் பஸ் ஏறிப் போய் வளாகத்தைப் பார்த்துவிட்டு, மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களிடம் பேசிவிட்டு வரலாம். ஒரு கேள்விக்கு 'இல்லை' என்றாலும் யோசிக்கலாம், இன்னும் நேரம் இருக்கிறது. கவுன்சலிங்கில் விருப்ப வரிசையைப் பூட்டும் வரை மாற்றிக்கொள்ளலாம்.